எஞ்சின் சத்தம்

மாமல்லபுரத்து மீனவர் குப்பத்தின் புயல் பாதுகாப்புக் கூடத்துக்குள் காலை வெயில் சாய்ந்து விழுகிறது. சிறிய கல் புத்தருக்கு முன்னால் பெண்கள் கண்மூடி உட்கார்ந்திருக்கிறார்கள். மீன் விற்க எடுத்துப்போகும் அலுமினிய அன்னக்கூடைகள் பக்கத்திலேயே இருக்கின்றன. “காதுல விழுற சத்தத்துக்குப் பேர் வைக்காதீங்க. வரட்டும், போகட்டும்” என்கிறார் தியானம் சொல்லித்தர வந்திருக்கும் டீச்சர். கடலில் படகுகள் திரும்புகின்றன. எஞ்சின் சத்தத்திலேயே யார் படகு என்று கண்டுகொள்ளும் பெண்கள் இவர்கள். ஒவ்வொரு படகுக்கும் ஏதோ ஒரு முகம் லேசாக மலர்ந்து அடங்குகிறது. இப்போது ஒன்று இருமி இருமி வருகிறது. விஜயகுமாரி கண்ணைத் திறக்காமலே அன்னக்கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு எழுந்துவிடுகிறாள். பக்கத்திலிருக்கும் வச்சலா அவள் முந்தானையைப் பிடித்திழுக்கிறாள்.

“ஒக்காரு விஜயா. படக ஓட்டிகினு வர்றது உன் கொயுந்தன்.”

அந்தப் படகை முன்பு ஓட்டிய விஜயகுமாரியின் புருஷன் போன ஐப்பசியில் கடலோடு போனவன்.

“தெரியும்க்கா. காலுக்குத்தான் தெரிய மாட்டேங்குது.”

அவள் உட்கார்ந்து கூடையை மடியில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்கிறாள். கரையில் எஞ்சின் நிற்கிறது. கூடத்தில் மூச்சுகள் மட்டும் கேட்கின்றன. அவற்றுக்கு நடுவே, அவள் மடியில் அன்னக்கூடையின் கைப்பிடி விட்டு விட்டு நடுங்கிக் கடகடக்கிறது. அந்தச் சத்தத்துக்கு யாரும் பேர் வைக்கவில்லை.