குண்டு எழுத்து

இரண்டு வருடம் கண் வலிக்க வலிக்க அவர் வரைந்த தடித்த எழுத்துருவை ஈ காக்கைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

“என்னங்க, உங்க குண்டு எழுத்தை ஒருத்தங்க கேக்கறாங்க,” என்றாள் மனைவி.

நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். “யாரு? சினிமாக் கம்பெனியா?”

“இல்லை, ஓர் அறிவிப்பு ஒட்டணுமாம். அங்க ஒருத்தர் எத்தனை தடவை சொன்னாலும் இந்தக் காதுல வாங்கி அந்தக் காதுல விட்டுடறாராம்.”

“அந்த மாதிரி எருமைத் தோலுக்குன்னே வரைஞ்சதுதானே இது! சிவப்புல போடச் சொல்லு. ரெண்டு வரிக்கு மேல வேண்டாம். கதவைத் திறந்ததும் மூஞ்சியில அறையணும்.”

“பாவம், கோவிச்சுக்க மாட்டாரா?”

“கோவிச்சுக்கட்டும்! அப்பதான் உறைக்கும்.”

உற்சாகம் தாங்காமல் அப்போதே எழுத்துருவை மனைவியின் கணினியில் ஏற்றிக் கொடுத்தார்.

மறுநாள் காலை குளித்துவிட்டுப் படுக்கையறைக் கதவைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். எதிர்ச் சுவரில், சிவப்பில், இரண்டே வரி:

ஈரத் துண்டைக்
கட்டிலில் போடாதீர்!

“எப்படிங்க இருக்கு?” என்று பின்னாலிருந்து மனைவியின் குரல் கேட்டது.

அவர் தலையைச் சாய்த்து வெகுநேரம் பார்த்தார்.

“அந்த ‘லி’யும் ‘ல்’லும் இன்னும் கொஞ்சம் நெருங்கி உக்காந்திருக்கலாம். ஆனா பாரேன், கண்ணாடி போடாமலே படிக்க முடியுது!” என்று பெருமையோடு சொல்லிவிட்டு, துண்டை உலர்த்தப் போனார்.