பதினேழு கற்படிகள்

மொன்றியலிலிருந்து இரண்டு மணி நேரம் ஓடிய கார், அந்தச் சிற்றூர் நீதிமன்றத்தின் முன் நின்றது. நூற்றைம்பது ஆண்டுப் பழமை, வெள்ளியாய் மின்னும் தகரக் கூரை, வரிசையாய்க் கற்றூண்கள். மகளின் கலியாண எழுத்து, அதாவது பதிவுத் திருமணம், இங்கேதான் நடைபெற வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவர் உருத்திரமூர்த்தி.

மாப்பிள்ளை மேலே காத்திருந்தார். நல்ல நேரம் முடியப் பத்து நிமிடமே இருந்தது. சக்கர நாற்காலியில் இருந்த மனைவி யோகராணி, பதினேழு படிகளையும் அண்ணாந்து பார்த்தார். இடுப்பில் சத்திரசிகிச்சை நடந்து மூன்று வாரம். எவரும் தூக்கவும் கூடாது.

“வேறை வாசல் இல்லையாமோ?”

காவலாளியிடம் பிரெஞ்சில் விசாரித்த மகள் தாட்சாயினி கொதிப்போடு திரும்பினாள்.

“வீல்செயார் ஏறச் சாய்வுப்பாதை கட்ட எல்லாம் ஆயத்தமாம். கட்டடத்தின்ரை முகம் கெட்டுப்போகும் எண்டு மொன்றியலிலை இருந்து ஆரோ கடிதம் எழுதி நிப்பாட்டிப்போட்டாராம். அப்பா, ஆர் அந்த விசரன்?”

உருத்திரமூர்த்தி தூண்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“நேரம் போகுது பிள்ளை, நீ ஏறு” என்றார் யோகராணி.

அவள் படியேறியதும் கணவரின் கையைப் பற்றினார்.

“நீங்களும் போங்கோ. அவளுக்கு ஒண்டும் சொல்லிப்போடாதேங்கோ. கடிதத்தை வாசிச்சுப்போட்டு, இன்னும் கொஞ்சம் காரமாய் எழுதுங்கோ எண்டது நான்தானே.”