இன்ஸ்பெக்ஷன் நாள்

டாக்டர் எழுந்து நடக்கச் சொன்னார். அம்மா அசையவில்லை. பாதங்கள் தரையோடு ஒட்டிக்கொண்டிருந்தன. வலது கை மட்டும் தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது.

மகனுக்கு மானம் போயிற்று. அம்மாவை டாக்டரிடம் காட்டுவதை அவன் ஒரு கலைநிகழ்ச்சி போலத்தான் நடத்துவான். சலவைப் புடவை, படிய வாரிய தலை, வரிசையில் காத்திருக்கும்போது கணக்காக ஒரு மாத்திரை. அம்மாவும் விறுவிறுவென்று நடந்து காட்டுவார். "உங்களுக்கா பார்க்கின்சன்ஸ்?" என்று டாக்டர் சிரித்துவிட்டு, அதே மருந்தைத் தொடரச் சொல்வார்.

வீட்டில் கதை வேறு. மாத்திரையின் தெம்பு வரவரச் சீக்கிரமே தீர்ந்துவிடும். அடுத்த வேளைவரை அம்மா கட்டிலோடு கட்டிலாகக் கிடப்பார். அதைச் சொல்ல வாயெடுத்தால், "வயசாச்சுல்ல டாக்டர், மத்தபடி ஜம்முனு இருக்காங்க" என்று மகன் முந்திக்கொள்வான்.

அம்மா தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். போன முறை வெளியே வந்ததும் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"இன்ஸ்பெக்டர் வர்ற அன்னிக்கு மட்டும் எங்க ஸ்கூல் கூரை ஒழுகவே ஒழுகாதுடா."

மகன் அதையும் பழைய பள்ளிக்கூடப் பெருமையில் சேர்த்துவிட்டான்.

இன்று காலையும் வரிசையில் மாத்திரையை அவன்தான் அம்மாவின் இடது கையில் வைத்தான். உடனே போன் வந்துவிட்டது. பேசி முடித்து வந்தவன், பாட்டில் நிறைய இருந்த தண்ணீரைத் தானே குடித்துத் தீர்த்தான்.

"விரலை விரிச்சு மூடுங்கம்மா," என்றார் டாக்டர்.

வலது கை தடுமாறியது. இடது கை இறுக மூடியபடியே இருந்தது. டாக்டரின் சிரிப்பு காணாமல் போயிற்று. மாத்திரை போட்டுமா இப்படி என்று கேட்டார். தன் கையாலேயே கொடுத்ததாக மகன் சத்தியம் செய்யாத குறை.

"இவ்வளவு தூரம் முத்தவிட்டு வேடிக்கையா பார்த்தீங்க?"

மகனுக்கு ஒரு டோஸ் விட்டபிறகு, அம்மாவின் டோஸை மாற்றினார். வேளைகளை நெருக்கிக் கொடுத்து, கூடவே இன்னொரு மருந்தும் எழுதினார்.

மகன் அம்மாவைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தான். டாக்டர் முன்னால் இப்படி மானத்தை வாங்கிவிட்டாயே என்று வழியெல்லாம் புலம்பினான்.

அம்மாவின் இடது கை விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. உள்ளங்கையில், வியர்வையில் பிசுபிசுத்துக் கிடந்தது காலை மாத்திரை.

"போய்த் தண்ணி வாங்கிட்டு வா. இப்பப் போட்டுக்கறேன்."