ஒண்ணாம் வரிசை ஜன்னல்

அவ பேரு லிஸ்ட்லயே இல்ல.

அக்கா, அம்மாவத்தான் சொல்லுதேன். இத நம்ம வீட்டு குரூப்புல போட்டுராத.

ஏர்போர்ட்டு கேட்டு கவுண்டர்ல நான் ஸ்கிரீனப் பாத்துட்டு நிக்கேன். எதிர்ல மூணாவது நாற்காலியில அம்மா. பக்கத்துல தம்பி. திருவனந்தபுரத்துலருந்து இங்க வந்து இறங்கி, டொராண்டோ பிளைட்டுக்குக் காத்துட்டு இருக்காங்க. ரெண்டு வருஷம் கழிச்சு அம்மாவப் பாக்கேன். அதுவும் கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்னுக்கிட்டு.

இந்த கேட்டு டூட்டிக்காக ரெண்டு லீவ விட்டுக் குடுத்தேன்.

பிசினஸ் கிளாஸ்ல நாப்பத்திரெண்டு சீட்டு. வித்தது நாப்பத்திமூணு. ஃபர்ஸ்ட் கிளாஸ்ல ஒண்ணு விக்கல. ஒண்ணாம் வரிசை, ஜன்னல் ஓரம். கதவு வச்ச சீட்டுக்கா அது. சாத்திக்கிட்டா தனி ரூம்.

பிசினஸ்லருந்து ஒரு ஆள அங்க தள்ளணும். யாருன்னு சிஸ்டமே வரிசை போட்டுக் குடுத்துரும். அடிக்கடி பறக்கறவங்க முதல்ல. கூட விலை குடுத்தவங்க அடுத்து. ஒரே டிக்கெட்ல ரெண்டு பேரா வந்தா பிரிக்கக் கூடாது, தாண்டிரணும். தனிச் சாப்பாடு சொன்னவங்களயும் தாண்டணும். அவங்க சாப்பாட்டப் பின்னாடி ஏத்தியாச்சுல்லா.

அம்மாவுக்கு சுகர் சாப்பாடு.

தம்பி டிக்கெட்ல ரெண்டாவது பேரு.

ரெண்டு தடவ தாண்டணும் அவள.

லிஸ்ட்ல முதல் ஆளு, தூண்ல சாஞ்சு பேப்பர் படிச்சிட்டிருந்த ஒரு நரைச்ச பெரியவர். இந்த வருஷம் மட்டும் நாப்பது தடவ பறந்திருக்காரு.

நான் அவரத் தாண்டினேன்.

அம்மா பேர டைப் அடிச்சேன். காரணம் கேட்டு ஒரு கட்டம் வரும். முழங்கால் வலின்னு போட்டேன். தெரிஞ்சா வேல போயிரும்க்கா. இருந்தாலும் போட்டேன்.

தென்காசி பஸ்ஸு ஞாபகம் இருக்கா?

ஜன்னல் சீட்டு அவனுக்கு. அவன் பக்கத்துல அம்மா. நீயும் நானும் கம்பியப் புடிச்சிட்டு.

அம்மாவும் ஒரு நாளும் ஜன்னல் ஓரம் உக்காந்ததில்ல. அத இப்பத்தான் நெனச்சேன்.

போர்டிங் சீட்டு பிரிண்டாகி வந்துச்சு, சூடா. கொண்டு போயி அம்மா கையில வச்சேன். அதே பச்சக் கண்ணாடி வளையல், ரெண்டு கையிலயும். பிளைட்டு ஏறக் கூடக் கழட்டல.

அம்மா அதத் தம்பிகிட்ட நீட்டினா. அவன் படிச்சுச் சொன்னான். முன்னாடி சீட்டு, தனி ரூம் மாதிரி, ஒரு ஆளுக்கு மட்டும்.

அம்மா என்னப் பாத்து சிரிச்சா. பல்லு அம்புட்டும் தெரிய. ரெண்டு வருஷமா இந்தச் சிரிப்புக்குத்தான் காத்துட்டு இருந்தேன் போல.

அப்புறம் சொன்னா.

"ஏட்டி, இதத் தம்பி பேருக்கு மாத்திக் குடு. அவனுக்குத்தான் காலு நீளம்லா."

தம்பி, "நீ போம்மா"ன்னான்.

ஒரு தடவதான் சொன்னான்.

இன்னொரு தடவ சொல்லுவான்னு நின்னு பாத்தேன். அவன் போன நோண்டிட்டு இருந்தான்.

வயிறு எரிஞ்சுச்சுக்கா. இருவத்தாறு வயசுல, யூனிபார்ம் போட்டு, கழுத்துல ஸ்கார்ஃப் கட்டி நிக்கேன். பஸ்ஸுல நின்ன பிள்ளைக்கு எரிஞ்ச மாதிரியே எரிஞ்சுச்சு.

சரிம்மான்னு சீட்ட வாங்கிட்டு வந்தேன்.

அம்மா பேர அழிச்சேன்.

தம்பி பேர அடிக்க அஞ்சு செகண்டு போதும். கட்டத்துல அந்தக் கர்சர் கோடு மின்னிட்டே இருந்துச்சு. மின்னிட்டே இருந்துச்சு.

பெரியவர் பேர அடிச்சேன்.

அவரக் கூப்பிட்டுக் குடுத்தேன். பேப்பர மடிச்சு கக்கத்துல வச்சிட்டு, முதல் ஆளா உள்ள போயிட்டாரு.

"சிஸ்டம் எடுத்துட்டும்மா. சீட்டு போயிருச்சு"ன்னேன்.

அம்மா தம்பி முதுகத் தடவுனா. "விடு ராசா."

போர்டிங்ல அம்மா சீட்ட ஸ்கேன் பண்ணினேன். அவ என் கன்னத்தத் தொட்டா. பின்னாடி ஆளு நிக்காங்க. அடுத்த சீட்ட வாங்கினேன்.

எல்லாரும் ஏறினப்புறம் சூப்பர்வைசர் வந்து லிஸ்ட்டப் பாத்தாரு. முதல் ஆளு முதல்லயே போயிருக்காரு. தனக்கு வேண்டியவங்களுக்குக் குடுக்காம ஒழுங்கா வரிசைப்படி போட்டுருக்க, எல்லாரும் உன்ன மாதிரி இருக்கணும்னு தோள்ல தட்டிட்டுப் போனாரு.

அம்மா பேரு போட்ட அந்தச் சீட்டக் கிழிச்சுப் போடணும். இன்னும் என் கோட்டுப் பையிலதான் இருக்கு.

பிசினஸ்ல அவங்களுக்கு ஏழாம் வரிசை. ஜன்னல் ஓரம் அம்மாவுக்கு, உள்பக்கம் அவனுக்கு. போன வாரமே நான்தான் போட்டு வச்சேன்.

கண்ணாடி கிட்டப் போயி நின்னேன். நல்ல வெயிலு. கண்ணு கூசுச்சு. முன்னாடிலருந்து ஒவ்வொரு ஜன்னலாப் பாத்துட்டே வந்தேன்.

ஏழாம் வரிசை ஜன்னல்ல ஒரு கை ஆடிட்டு இருந்துச்சு.

எனக்குத்தான். விடாம ஆடுச்சு.

நானும் கைய உசத்தினேன்.

அப்புறந்தான் பாத்தேன்.

அந்தக் கையில வளையல் இல்ல.