பாதிக் காற்று

“என்னங்க, ஒண்ணு சொல்லணும். கத்தக் கூடாது.”

சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த இன்ஜினீயர் நிமிரவில்லை. இன்று பத்து மணிக்குப் பரிசளிப்பு விழா. கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் கால்வாசி மின்சாரத்தை மிச்சம் பிடித்ததற்காக, பதினெட்டு வருட சர்வீஸில் முதல்முறையாக அவருக்கு ஒரு பரிசு அறிவித்திருந்தார்கள். மனைவிக்கும் அங்கேதான் வேலை, லேபில்.

“சொல்லு.”

“தொட்டியில ஊதுற காத்தைப் பாதியாக் குறைச்சீங்கல்ல? கழிவைத் தின்னுற கிருமிங்களுக்கு மூச்சு முட்டுது. சிரிப்பு வாயு கிளம்புது.”

“கிளம்பினா சிரிச்சுட்டுப் போகட்டுமே!”

“விளையாடாதீங்க. கார்பன் டை ஆக்சைடை விட இருநூத்தெழுபது மடங்கு பூமியைச் சூடாக்குற வாயு அது. போன வாரம் அந்த வாயுவைப் பிடிக்கத் தொட்டியில மூடியைக் கவுத்து மிதக்கவிட்டு, அஞ்சு நாள் அளந்தேன். முன்னைக்கு நாலு மடங்கு! கரண்ட்டை மிச்சம் பிடிச்சு நீங்க குறைச்ச புகையையெல்லாம் இது முழுங்கி ஏப்பம் விட்டுடுச்சு.”

இஸ்திரிப் பெட்டி நின்றது.

“இதை யார்கிட்ட சொன்னே?”

அவள் கையைப் பிசைந்தாள். “பரிசுக் கமிட்டிக்கே எழுதிட்டேன். நேத்து. உங்க ஐடியாவை இன்னும் ஆறு ஊர்ல காப்பி அடிக்கப் போறாங்களாம். அது தெரிஞ்சப்புறம் எப்படிங்க வாயை மூடிட்டு இருக்கிறது? வாய் ஓயாமப் பெருமையடிச்சதும் நான்தான், இப்ப உங்க தலையில மண்ணை அள்ளிப் போட்டதும் நான்தான்.”

கட்டின புருஷனே ஆனாலும் கணக்கு கணக்குதான் என்று நிற்க எத்தனை பேரால் முடியும்? இப்படி ஒருத்தி லேபில் கிடைக்க அந்த நிலையம் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

அவர் பிளக்கைப் பிடுங்கினார்.

“திட்டவாவது செய்யுங்களேன்!”

அவர் மொபைலைத் திறந்து நீட்டினார். கமிட்டியின் கடிதம், நாலு நாளைக்கு முந்திய தேதியில்: ‘உங்கள் முறை தவறு என்று நீங்களே எழுதியதற்கு நன்றி. பட்டியலிலிருந்து உங்கள் பெயரை எடுத்துவிட்டோம். விழாவுக்கு அவசியம் வந்து, இதை மேடையில் சொல்லுங்கள்.’

“உன் லேப் நோட்டைப் பார்த்த அன்னிக்கே எழுதிட்டேன்,” என்றார் அவர். “உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் நாலு நாளா முழிச்சிட்டிருக்கேன்.”