பிடி கொடுக்காதவர்

“அந்த ஆளா? சரியான முசுடு. ரெண்டு தடவை கூப்பிட்டேன், பிடியே கொடுக்கலை,” என்றார் மேலாளர்.

“நான் பேசிப் பார்க்கிறேன் மேடம்.”

பல்கலைக்கழகத்தின் பழைய மாணவர் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவள் எண்ணை அழுத்தினாள். இவரை எப்படியும் வரவைத்துவிட வேண்டும்.

“வணக்கம் சார். நீங்க படிச்ச யுனிவர்சிட்டிலேர்ந்து பேசறேன். சனிக்கிழமை பழைய மாணவர் சந்திப்பு இருக்கு. நீங்க அவசியம் வரணும்.”

வைத்துவிடுவாரோ என்று போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

“சாப்பாடு உண்டா?”

“உண்டு சார். உங்களுக்கு உப்பு கம்மியாப் போடச் சொல்றேன்.”

மேலாளர் நிமிர்ந்து பார்த்தார்.

“சரி, வர்றேன். மாப்பிள்ளையையும் வரச் சொல்லு.”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிடித்தவனைக் கட்டிக்கொண்டு வீட்டைவிட்டு வந்ததிலிருந்து அவள் நம்பரைக் கண்டாலே எடுக்காத அப்பா, ஆபீஸ் போனில் பதிலுக்காகக் காத்திருந்தார்.

“சொல்றேம்பா,” என்றாள்.