கேமராவுக்கும் ஒரு பொட்டு

"சாவி எங்கே?" என்று கார் கேட்டது.

வாயால் அல்ல. ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருந்த சின்னத் திரையில், சிவப்பு எழுத்தில்.

மதுமதி பிரேக்கை மிதித்துக்கொண்டு ஸ்டார்ட் பட்டனை மறுபடியும் அழுத்தினாள். பட்டன் மேல் காய்ந்திருந்த சந்தனம் உதிர்ந்து விரலில் ஒட்டியதுதான் மிச்சம். கைப்பையைக் கவிழ்த்துப் பார்த்தாள். சாவி இல்லை.

"ஏனுங்கத்தை, கார் சாவியப் பார்த்தீங்களா?"

"சாமிகிட்ட இருக்குது கண்ணு" என்றார் வாசற்படியில் நின்றிருந்த மாமியார் சாரதாமணி.

"பைக்குள்ள இருந்தத எதுக்குங்க எடுத்தீங்க?"

"வண்டிக்கு பூஜை பண்ணிப்போட்டு சாவிய உட்டுட்டா எப்படி?"

நேற்று ஆயுத பூஜை. மதுமதி உள்ளே ஓடினாள். முருகன் படத்துக்கு முன்னால், திருநீற்றுத் தட்டில், மல்லிகைப் பூவுக்கு அடியில் சாவி சொகுசாகப் படுத்திருந்தது.

வண்டி கிளம்பியாக வேண்டும். பின் சீட்டில் இருந்த பெட்டியில் பால் வெள்ளையில் குழந்தைச் சட்டைகள், நேற்று வீட்டுக்குக் கொண்டுவந்து அவளே ஒவ்வொரு பொத்தானாக இழுத்துச் சரிபார்த்த சாம்பிள். பெருமாநல்லூரில் அவர்களுடைய கம்பெனியில், துணி வாங்க வந்த வெளிநாட்டு பையர் காத்திருந்தார். இதைப் பார்த்து அவர் தலையாட்டினால்தான் ஆர்டர். பத்தரைக்கு அவர் கோவை ஏர்போர்ட்டுக்குப் புறப்பட்டுவிடுவார்.

இந்தத் தடவை கார் உறுமியது. ஆனால் எதிரே கண்ணாடியில், சரியாக அவள் பார்வை போகும் இடத்தில், உள்ளங்கை அகலத்துக்குக் குங்குமம். தண்ணீரைப் பீய்ச்சி வைப்பரைப் போட்டாள். குங்குமம் கரைந்து, கண்ணாடி முழுக்கச் சிவப்புக் கோடுகளாக வழிந்தது.

"முருகா!"

வியர்த்தது. ஏசியைப் போட்டாள். காற்று வரும் துளைகளில் வைத்திருந்த குங்குமப்பொடி குபுக்கென்று கிளம்பி அவள் துப்பட்டாவில் இறங்கியது. பதறிப்போய்த் திரும்பி பெட்டியைப் பார்த்தாள். நல்லவேளை, மூடியிருந்தது. ஏசியை அணைத்து, ஜன்னல் கண்ணாடிகள் நான்கையும் இறக்கிவிட்டாள்.

கியரை ரிவர்சுக்குத் தள்ளினாள். நடுத்திரையில் வாசலும் தெருவும் தெரிய வேண்டும். தெரிந்தது மஞ்சள். வெறும் மஞ்சள்.

"கேமராவுக்குமாங்கத்தை?"

"அது வண்டியோட கண்ணுன்னு தரணிதான் காட்டுனான். கண்ணுக்கு மேலதான் சந்தனம் வெச்சேன். வழிஞ்சிருச்சாட்ட இருக்குது..."

இறங்கிப் போய்த் துடைக்கலாம். ஆனால் கையில் சந்தனத்தோடு அந்தப் பெட்டியைத் தொட முடியாது. துடைத்து, கை கழுவி, ஈரம் காய்ந்து... எரிச்சல் தலைக்கேறியது.

போன் அடித்தது. பட்டனைத் தொட்டதும் கணவன் தரணீதரனின் குரல் கார் ஸ்பீக்கர்கள் அத்தனையிலும் முழங்கியது.

"எங்க வந்துட்டிருக்கற?"

"இன்னும் ஊட்லதானுங்க. உங்கம்மா பண்ணுன பூஜையில வண்டி நகர மாட்டேங்குது. கண்ணாடியில பொட்டு, ஏசியில பொட்டு, கேமராவுல பொட்டு. ஒரு இடம் பாக்கி உடல!"

"அம்மாவுக்கு வேற வேலையில்ல. எதுஎதுக்குப் பொட்டு வெக்கறதுன்னு ஒரு விவஸ்தை வேண்டாமா? அடுத்த வருசம் பூஜைக்கு குண்டடத்துக்கு அக்கா ஊட்டுக்கு அனுப்பி வெச்சரலாம். தொல்லையாவது இருக்காது."

திறந்திருந்த ஜன்னல் மதுமதிக்கு அப்போதுதான் உறைத்தது. சத்தத்தைக் குறைக்க அவசரமாக ஒரு குமிழைத் திருகினாள். அது ஏசியின் குமிழ்.

"பையர் என்னங்க பண்றாரு?" பேச்சை மாற்றினாள்.

"நம்ம தையல் மெஷின்ல வெச்ச பொட்டையெல்லாம் போட்டோ எடுத்துட்டிருக்கறாரு. ரொம்பப் பிடிச்சுப் போச்சாம். தன்னோட லேப்டாப்புக்கும் ஒண்ணு வெக்கச் சொன்னாரு, நானேதான் வெச்சு உட்டேன்."

மதுமதி வாசற்படியைப் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை. கோபித்துக்கொண்டு உள்ளே போயிருப்பார். இருக்கட்டும், சாயந்திரம் சமாதானம் பண்ணிக்கொள்ளலாம்.

கார் பீப், பீப் என்று கத்த ஆரம்பித்தது.

"அதென்ன சத்தம்?"

"சென்சாருங்க. பின்னாடி ஏதோ இருக்குதுங்குது. அதுக்கும் ஒரு பொட்டு வெச்சிருப்பாங்க, வேறென்ன."

பீப் பீப் பீப் என்று சத்தம் நெருக்கமானது. பிறகு இடைவெளியே இல்லாமல் ஒரே ஊளை.

"அதை ஆஃப் பண்ணிப்போட்டு வா மது. நேரமாகுது."

அந்த பட்டனிலும் சந்தனம் இருந்தது. நகத்தால் சுரண்டிவிட்டு அழுத்தினாள். சத்தம் நின்றது. என்ன நிம்மதி! பக்கக் கண்ணாடிகள் இரண்டையும் பார்த்தாள். யாரும் இல்லை. பிரேக்கிலிருந்து காலை மெல்ல எடுத்தாள்.

திரையில் மஞ்சள் அசைந்தது.

ஓரத்தில் ஒரு கீற்று வெளிச்சம். ஒரு சேலைத் தலைப்பு குறுக்கும் நெடுக்குமாகப் போனது. மஞ்சள் விலகி, திரை முழுக்க ஒரு முகம் வந்து நின்றது.

மதுமதியின் கால் பிரேக்கில் இடியாக இறங்கியது. வண்டி குலுங்கி நின்றது. கை தானாகப் போய் எஞ்சினை அணைத்தது.

"கிளம்பிட்டயா மது?" என்றது ஸ்பீக்கர்.

பின்னால், காரை ஒட்டிக் குனிந்திருந்த சாரதாமணி, தலைப்பு நுனியால் தன் கண்ணையும் ஒருமுறை ஒற்றிக்கொண்டு, கேமராவுக்கு இன்னும் நெருங்கிவந்து கேட்டார்:

"இப்பத் தெரியுதா கண்ணு?"